வோட்காவும் பவளமும்: ‘சமநிலை’ என்னும் சொல் பற்றிச் சில குறிப்புகள்

2004ஆம் ஆண்டில் ஜெர்மனியில், கடல்நீர்த் தொட்டி வளர்ப்போருக்கான பத்திரிகை ஒன்றில் ம்ருட்செக், கோக்கோட் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பவளம் வளரும் கண்ணாடித் தொட்டிக்குள் தினமும் துளித்துளியாக எத்தனால் விட்டுவந்தால், நீரில் தேங்கிப்போகிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைந்துவிடும் என்பது அதன் சாரம். எத்தனாலுக்கு எங்கே போவது? கடையில் விற்கிற வோட்கா போதும். நூற்றுக்கு நாற்பது பங்கு எத்தனால், மிச்சம் தண்ணீர், நிறமில்லை, இனிப்பில்லை. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘வோட்கா முறை’ என்று பேர் பரவிவிட்டது. வோட்காவுக்குப் பதில் சர்க்கரை, வினிகர், மூன்றையும் சேர்த்த கலவை, பிறகு பாக்டீரியாக்கள் மெல்லத் தின்று தீர்க்கும் ஒருவகைப் பாலிமர் மணிகள் என வடிவங்கள் பெருகின. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘கார்பன் இடுதல்’ என்று சொல்லிக்கொள்வோம், வயலுக்கு உரம் இடுவதுபோல.

இதைப் பற்றி எழுதப்போவதாக ஒரு தோழரிடம் சொன்னேன். “குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல, மீனுக்குச் சரக்கு ஊத்துற கதையைப் போயி எழுதுறீங்களா?” என்றார். நியாயமான கேள்விதான். பவளத் தொட்டி பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் ‘இயற்கைச் சமநிலை’ என்ற கருத்தாக்கம் ஒரு காட்சிப்பொருளாக, கண்ணால் பார்த்து நம்பக்கூடிய ஒன்றாக ஆக்கப்பட்டது. இன்றைக்குச் சூழலியல் பேசுகிற நாமும் அந்தச் சொல்லை எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்துப் புழங்குகிறோம். ஒரு பெட்டிக்குள் சமநிலை நிலவ வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே என்னென்ன நடந்தாக வேண்டும், யார் யார் உழைத்தாக வேண்டும் என்பதே என் கேள்வி. அதற்கு வோட்கா ஒரு நல்ல சாக்கு.

முதலில் தொட்டிக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். போடுகிற தீனியில் மீனின் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். மீதி கழிவாக நீரில் சேர்கிறது. அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். வேறு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு நஞ்சல்ல, ஆனால் போக்கிடம் இல்லாமல் சேர்ந்துகொண்டே போகும். பாஸ்பேட்டும் அப்படித்தான். தொட்டியில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் நைட்ரேட் சேர்வது சர்வ சாதாரணம். பவளத்திட்டு இருக்கும் வெப்பக்கடல் நீரிலோ அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தொடுவதே அபூர்வம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசி மண்டிப் பவளத்தை மூடும். பாஸ்பேட் கூடினால் பவளம் தன் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுவதும் தடைப்படும்.

இங்கேதான் கார்பன் வருகிறது. அமெரிக்கரான ஆல்பிரட் ரெட்பீல்டு 1934இல், கடலின் நுண்ணுயிர்கள் கார்பனையும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உடம்பில் வைத்திருக்கின்றன என்று காட்டினார். பின்னாளில் செம்மைப்படுத்தப்பட்ட அந்த விகிதம் 106:16:1. பாக்டீரியாக்களின் கணக்கு கொஞ்சம் வேறு என்றாலும் தர்க்கம் ஒன்றுதான்: மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். தொட்டி நீரில் நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது. எளிதில் செரிக்கிற கார்பன்தான் இல்லை. அரிசியும் பருப்பும் இருந்து விறகில்லாத வீடு மாதிரி. எத்தனாலோ சர்க்கரையோ விழுந்ததும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. கரைந்து கிடந்தது திரண்டுவிடுகிறது. திரண்டதை வெளியே எடுத்துவிடலாம்.

எடுப்பது ஸ்கிம்மர் என்ற கருவி. ஒரு குழாய்க்குள் நீரோடு நுண்குமிழிகளைச் செலுத்தினால் புரதமும் கொழுப்பும் பாக்டீரியாக்களும் குமிழியில் ஒட்டி நுரையாக மேலேறும். வெல்லம் காய்ச்சும்போது கரும்புச்சாறு கொதித்து வருகிற அழுக்கு நுரையை வழித்தெடுப்பார்களே, அதே வேலை. மேலே ஒரு கோப்பையில் பழுப்பு நிறத்தில், மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் நாற்றத்தோடு அது சேரும். ஒரு பகுதி நைட்ரேட், கல்லின் உள்துளைகளில் உயிர்வளி இல்லாத இடங்களில் நைட்ரஜன் வாயுவாகியும் போகிறது. ஆனாலும் இந்த முறையின் மையம் அந்தக் கோப்பைதான். வளர்ப்பது பவளத்தை என்று சொல்லிக்கொண்டாலும் தினந்தோறும் உண்மையில் ‘அறுவடை’ செய்யப்படுவது பாக்டீரியா.

அளவு முக்கியம். 100 லிட்டர் நீருக்கு 0.1 மில்லிலிட்டர் வோட்கா, அதாவது இரண்டு துளி என்ற கணக்கில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுகிறார்கள். கை தாராளமானால் ஒரே இரவில் நீர் பால்போல் வெளுத்துவிடும். பெருகிய பாக்டீரியாக்கள் உயிர்வளியை உறிஞ்சிவிட, விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெளியேற்றும் வேகத்தை மீறி வளர்ச்சியைத் தூண்டக் கூடாது. இந்த ஒரு வரியைப் பிறகு கடலுக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கொஞ்சம் பின்னால் போவோம்.

1846 இலையுதிர் காலத்தில் அன்னா தைன் என்ற ஆங்கிலேயச் சீமாட்டி, டார்க்கி கடற்கரையிலிருந்து சில கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றை ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து ஜாடிக்குள் வைத்திருந்தார். லண்டனில் கடல்நீர் ஏது? இருந்த நீரையே உயிரோடு வைத்திருக்க வேண்டும். திறந்த சன்னலோரம் நின்று அரைமணி, முக்கால்மணி நேரம் நீரை இங்குமங்கும் மாற்றி மாற்றி ஊற்றினால் காற்று கலக்கும். டீக்கடையில் ஆற்றுவதுபோல. ஊற்றியது சீமாட்டியல்ல, அவர் வீட்டுச் சின்னப் பணிப்பெண். அயர்ச்சி தரும் வேலைதான், ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது என்ற பொருளில் சீமாட்டி எழுதுகிறார். 1859இல் அச்சேறிய அந்தக் குறிப்பை நான் பல தடவை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நகரத்துக்குள் கடலைக் குடியமர்த்திய முதல் முயற்சிகளில் ஒன்றின் இயந்திரம் ஒரு சிறுமியின் கைகள். அவளுக்குக் குறிப்பில் பெயர் இல்லை. ‘விளையாட்டு’ மட்டும் இருக்கிறது. அடுத்த ஆண்டு சீமாட்டி கடற்பாசியையும் சேர்த்து வைத்தார். பாசி வந்ததும் அந்தக் கைகள் வரலாற்றிலிருந்து போய்விட்டன.

1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரைதான் மீன்தொட்டியின் ‘மூலநூல்’ எனக் கொண்டாடப்படுவது. விலங்குலகத்துக்கும் தாவரவுலகத்துக்குமான உறவைச் சரிக்கட்டுவது பற்றியது அது. ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. மீன் விடும் கரியமிலத்தைச் செடி எடுத்துக்கொண்டு உயிர்வளியைத் தரும். செடியின் இலை அழுகி நீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகலைத் தின்றது. நத்தையின் முட்டையை மீன் தின்றது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு வரவு, யாருக்கும் நட்டமில்லை, யாரும் கூலி உயர்வு கேட்பதில்லை! இது விக்டோரியா காலத்து அரசியல் பொருளாதாரம் நீருக்குள் கண்ட கனவு என்று சொன்னால் மிகையாகாது. ‘சமநிலை’ அங்கே அறிவியல் உண்மையாக மட்டுமல்ல, அறமாகவும் நின்றது.

அதே ஆண்டுகளில் கண்ணாடிக்கு வெளியே இங்கிலாந்து என்ன செய்துகொண்டிருந்தது? மண்ணின் சத்து வடிந்துபோய், பெரு நாட்டின் சிஞ்சா தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாகப் பறவை எச்சத்தை இறக்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். இந்தப் பக்கம் எச்சம் இறங்க, அந்தப் பக்கம் லண்டனின் மலம் முழுவதும் தேம்ஸ் ஆற்றில் இறங்கியது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பாத இந்த விவசாயத்தை லீபிக் கண்டித்தார். லீபிக்கைப் படித்த மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், மனிதருக்கும் நிலத்துக்கும் இடையிலான வளர்சிதை ஓட்டத்தை முதலாளியம் குலைப்பதாக எழுதினார். ஜான் பெல்லமி பாஸ்டர் 2000ஆம் ஆண்டு நூலில் இதைத் தோண்டியெடுத்து விரிவாக்கிய பிறகுதான் நம்மில் பலர் அந்தப் பக்கங்களை மறுபடி புரட்டினோம். நாடே சத்துக் கணக்கில் கிழிந்து கிடந்த நேரத்தில், வரவேற்பறையில் கணக்கு நேரான ஒரு கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டி கிழிசலுக்கு மறுப்பல்ல, அதன் மேல் போட்ட பட்டுத்துணி.

இன்னொரு சுவையான செய்தி. வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணின் நைட்ரேட்டைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அம்மோனியா நைட்ரேட்டாவது ஒரே தாவலில் அல்ல, இரு படிகளில், இரு வேறு உயிர்களால் என்று நிறுவியதில் அவருக்குப் பங்குண்டு. அந்த உயிர்களை 1890ஐ ஒட்டிப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்யரான வினோகிராட்ஸ்கி. அப்பா தொட்டிக்குள் பார்க்காமல் விட்டதை மகன் வயலில் பார்த்தார். அப்பாவின் சமன்பாட்டில் இருந்தவை உயிர்வளியும் கரியமிலமும், நைட்ரஜன் இல்லை. மீன்தொட்டியின் அடுத்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு, விடுபட்ட அந்த நைட்ரஜனோடு மல்லுக்கட்டிய வரலாறு எனலாம்.

இடைப்பட்ட காலத்தை வேகமாகக் கடக்கலாம். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் மீன்தொட்டிப் பித்தைக் கிளப்பிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடையோடு போய் டெவன் கரையின் பாறைக்குழிகளை வழித்தெடுத்துவிட்டார்கள். அப்பாவின் புத்தகமே அந்த அழிவுக்கு வழிகாட்டியானதை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்தோடு பதிவு செய்தார். பவளத்தை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது மட்டும் யாருக்கும் கைகூடவில்லை.

கைகூடியது ஜகார்த்தாவில். லீ சின் எங் என்ற இந்தோனேசியச் சீனர், கடலுக்குள்ளிருந்து உயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டுகளை அப்படியே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கினார். ஒரு காற்றுக்குழாய், வெயில், வேறு வடிகட்டி எதுவும் இல்லை. 1961இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இதை எழுதவும் செய்தார். பாறையின் மேற்பரப்பில் உயிர்வளி உண்டு, உள்துளையில் இல்லை. நைட்ரேட் உண்டாவதும் நைட்ரேட் அழிவதும் ஒரே கல்லில் நடக்கின்றன. எழுபதுகளில் மேற்கு ஜெர்மனிக்காரர்கள் இதே கல்லோடு ஸ்கிம்மரையும் சுண்ணாம்பு நீரையும் சேர்த்துப் பவளம் வளர்த்தபோது அதற்கு வந்த பெயர் ‘பெர்லின் முறை’. கல் போனது ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும். பெயர் வைத்தது பெர்லின். காலனியம் முடிந்துபோன விஷயம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைக் காட்டலாம். 1986இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் பரப்பிய சொட்டு வடிகட்டிகள் ஒரு மோஸ்தராக வந்துபோயின. அவை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதில் அசுரத்தனமானவை. நைட்ரேட்டை என்ன செய்வது என்பதற்கு அவற்றிடம் பதிலில்லை. வோட்கா வந்து நின்றது இந்த இடத்தில்தான்.

வந்த வோட்கா ஒரு புதிய வெறியையும் கூடவே கொண்டுவந்தது. பூஜ்ஜிய வெறி. நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம். சோதனைக் குழாயில் நிறம் மாறாவிட்டால் கொண்டாட்டம். பவளத்திட்டு ‘சத்தில்லாத’ நீரில் வளர்கிறது, ஆகவே நம் நீரிலும் சத்து இருக்கக் கூடாது என்பது வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைக் குழாய் அளப்பது இருப்பை; ஓட்டத்தை அல்ல. பவளத்திட்டில் சத்து நீரில் தங்காததற்குக் காரணம் அது இல்லாமல் போனதல்ல. வந்த வேகத்தில் யாரோ எடுத்துக்கொள்வதுதான். மீன் கழிப்பதைப் பவளம் எடுக்கிறது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசி பவளத்தின் கழிவை எடுத்துக்கொண்டு சர்க்கரையைக் கொடுக்கிறது. பவளம் கோழையாகக் கசியவிடும் சர்க்கரையைப் பஞ்சுயிரிகள் உறிஞ்சி, தங்கள் செல்களைத் துகளாக உதிர்க்கின்றன. அதைத் தின்ன வேறு உயிர்கள் காத்திருக்கின்றன. இந்தப் பஞ்சுயிரிச் சுழற்சியை டி கூய் குழுவினர் கரீபியக் கடலின் கியூராசோ தீவில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கையில் காசு நிற்காத வீடெல்லாம் ஏழைவீடல்ல. சில வீட்டில் காசு சுற்றிக்கொண்டே இருக்கும். இருப்பைப் பார்த்து ஓட்டத்தை முடிவுகட்டுகிற இந்தப் பிழையைப் பொருளாதாரத்தில் நாம் நன்றாகவே அறிவோம். தொட்டியிலும் அதே பிழை.

பூஜ்ஜியத்தின் விலை சீக்கிரமே தெரிந்தது. பவளங்கள் வெளிறின, நுனி கருகின. பாக்டீரியா நைட்ரஜனையும் பாஸ்பரசையும் 16க்கு 1 போன்றதொரு கணக்கில் எடுப்பதால் ஒன்று முதலில் தீர்ந்துபோகும், மற்றது தங்கிவிடும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வீடன்மான் குழுவினர் 2013இல் காட்டியது இன்னும் கூர்மையானது. நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் பட்டினியானால், பவளத்தின் உள்ளிருக்கும் பாசி வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் திறனை இழக்கிறது, பவளம் எளிதில் வெளுக்கிறது. ஆக, கெடுப்பது வெறுமனே ‘அதிகம்’ அல்ல. பிறகு என்ன ஆனது தெரியுமா? ஒரு கையால் வோட்காவை விட்டு நைட்ரேட்டை இறக்கியவர்கள், மறு கையால் சோடியம் நைட்ரேட் கரைசலை அளந்து விடத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் புட்டி புட்டியாகச் சரக்கு விற்கிறது. அகற்றுவதும் பண்டம், திரும்பச் சேர்ப்பதும் பண்டம். இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கென் பெல்ட்மன் ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். பெருமையடிக்கப்படும் இந்தக் கருவிகள் நீரில் அளக்கக்கூடிய கரிமக் கார்பனில் 20 முதல் 35 சதவீதத்தைத்தான் எடுக்கின்றன என்பது அவர் கண்டது. மீதி, யாரும் எடுக்காமல் தங்கிவிடுவது அல்லது தொட்டிக்குள்ளேயே யாருடைய வாய்க்காவது போவது. நுரைக் கோப்பை நிரம்புவதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான கணக்கு.

இப்போது கடலுக்குப் போவோம். தொட்டிக்காரர்கள் வோட்காவும் சர்க்கரையும் விட்டுப் பவளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பனாமாவின் போகாஸ் தெல் தோரோ தீவுக்கூட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. டேவிட் கிளைன், பாரஸ்ட் ரோவர் முதலானோர் 2006இல் வெளியிட்டது. பவளத் துண்டுகள் இருந்த நீரில் சிலவற்றுக்கு நைட்ரேட், பாஸ்பேட், அம்மோனியம் விட்டார்கள். சிலவற்றுக்கு எளிய சர்க்கரைகளை விட்டார்கள். யார் சாவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களோ அவர்கள் சாகவில்லை. சர்க்கரை விட்டவைதான் செத்தன. சர்க்கரை, பவளத்தின் மேலிருக்கும் கோழைப் படலத்து நுண்ணுயிர்களின் வளர்ச்சியைப் பத்து மடங்கு அளவுக்கு விரட்டிவிட்டது. அதே 2006இல் ஜெனிபர் ஸ்மித் குழுவினர் பாசியையும் பவளத்தையும் அருகருகே வைத்து, நடுவே பாக்டீரியா நுழைய முடியாத மென்வடிகட்டியைக் கட்டினார்கள். பாசி கசியவிடும் கரைபொருள் மட்டுமே பவளத்தை அடையும். பவளம் செத்தது. ஆம்பிசிலின் என்ற எதிருயிரி மருந்தைச் சேர்த்தபோது பிழைத்தது. பாசி நேராகக் கொல்லவில்லை. சர்க்கரை கொடுத்துப் பவளத்தின் சொந்தக் குடித்தனக்காரர்களையே ஏவிவிட்டது.

அப்படியானால் தொட்டியில் காப்பாற்றுவது கடலில் கொல்கிறதா? முரண்தான். ஆனால் மர்மமல்ல. தொட்டியில் வழித்தெடுக்க ஒரு கோப்பை இருக்கிறது, அளவு துளிக்கணக்கு, தினமும் காலி செய்ய ஓர் ஆள். கடலில் பாசியை மேயும் மீன்தான் அந்த ஆள். அந்த மீனை வலைபோட்டு அள்ளிவிட்டால் பாசி மண்டும், பாசி சர்க்கரை கசியும், நுண்ணுயிர் பெருகும், பவளம் சாகும், செத்த பவளத்தின் மேல் மேலும் பாசி ஏறும். ஒரே மூலக்கூறு மருந்தா நஞ்சா என்பது அந்த மூலக்கூறில் எழுதப்படவில்லை. அது எந்த உறவுக்குள் விழுகிறது, வெளியேறும் வழி யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதே ரோவர் முதலான அறிவியலாளர்கள் 2005இல் பசிபிக்கின் லைன் தீவுகளுக்குப் போய் நான்கு பவளத்திட்டுகளை ஒப்பிட்டார்கள். ஆளில்லாத கிங்மனை விட, சுமார் ஐயாயிரம் பேர் வசித்த கிரிட்டிமட்டியில் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் பத்து மடங்கு. அருமையான ஆய்வு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் 2008இல் வெளியான கட்டுரைகளின் வரைபடத்தில் கிடைமட்டக் கோட்டில் ‘மனிதர்’ என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. மனிதர் கூடக் கூடக் கடல் கெடுகிறது! எந்த மனிதர்? கிரிட்டிமட்டியில் ஆட்கள் குடியேறியது கொப்பரைத் தோட்டங்களுக்காக, கில்பர்ட் தீவுகளிலிருந்து கூலிகளாக. நம் ஆட்கள் இலங்கை மலைக்கும் மலேயாவுக்கும் போன அதே கதை. 1957, 58இல் பிரிட்டன் தன் ஹைட்ரஜன் குண்டுகளை அங்கே வெடித்துப் பார்த்தது. 1962இல் அமெரிக்காவும் வெடித்தது. பிற்பாடு தாராவாவின் நெரிசலைக் குறைக்க அரசே ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தது. இவ்வளவும் வரைபடத்தில் ஒரு புள்ளி. தோட்ட முதலாளியும் குண்டு போட்ட படையும் மீன்பிடித்துச் சாப்பிடுகிற கூலியும் ஒரே ‘மனிதர்’ ஆகிவிடுகிறார்கள். சீமாட்டியின் குறிப்பில் விளையாட்டாகிப்போன பணிப்பெண்ணின் ஞாபகம் எனக்கு இங்கே வருவதில் வியப்பில்லை.

கோப்பைக்குத் திரும்புவோம். நிரம்பிய கோப்பையை எங்கே கொட்டுகிறார்கள்? சாக்கடையில்தான். அது நகரத்துக் கழிவுநீர் நிலையத்துக்குப் போகிறது. அங்கே என்ன நடக்கும்? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் நிலையத்தில், செசபீக் விரிகுடா நைட்ரஜனால் மூச்சுத்திணறக் கூடாதென்று, கழிவுநீரில் மெத்தனால் ஊற்றுகிறார்கள். ஒரு கிராம் நைட்ரேட்-நைட்ரஜனுக்குச் சுமார் மூன்று கிராம் மெத்தனால் என்பது பொதுவான கணக்கு. மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. நைட்ரஜன் உரம் செய்யவும் எரிவாயு. அந்த உரத்தில் விளைந்து, தின்று, கழித்த நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பி அனுப்பவும் எரிவாயு. லீபிக் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நம் கரையிலும் கார்பன் இடுகிறார்கள். வோட்கா அல்ல, மொலாசஸ். ஹைபாவில் உள்ள டெக்னியான் கழகத்தின் யோராம் அவ்னிமெலெக் 1999இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைப் பாக்டீரியா உடம்பாக்க 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். திரண்ட பாக்டீரியாத் திரளையை இறாலோ திலேப்பியாவோ தின்றுவிடும். நீரை மாற்ற வேண்டியதில்லை. 2009இல் வனாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு, தமிழகக் கரையோரப் பண்ணைகளிலும் தவிட்டோடு மொலாசஸ் கலந்து குளத்தில் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. தொட்டியைவிட இங்கே தர்க்கம் ஒருபடி மேல் என்றே சொல்வேன். வழித்தெடுத்துக் கொட்டவில்லை, தின்னக் கொடுக்கிறார்கள்.

ஆனால் தொண்ணூறுகளில் நாகை மாவட்டத்து மக்கள் இறால் பண்ணையை எதிர்த்துச் சண்டை போட்டது நைட்ரேட்டுக்காக மட்டுமல்ல. குளத்து உப்பு கசிந்து நெல்வயல் பொரிந்துபோனது. குடிநீர்க் கிணறு கரித்தது. கடலுக்குப் போகிற வழியைப் பண்ணை வேலி மறித்தது. நிலத்தில் கூலிவேலை செய்த தலித் பெண்களுக்கு வேலை போனது. சர்வோதய இயக்கத்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குளங்களை இடிக்கச் சொன்னது. 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்த மண்டல விதிகளிலிருந்து பண்ணைகளுக்கு விலக்குக் கொடுத்தது. ‘நீர் மாற்றம் இல்லாத, சூழலுக்கு உகந்த’ என்ற அடைமொழிகளோடு கார்பன் முறை இப்போது பயிற்சி முகாம்களில் சொல்லித் தரப்படுகிறது. மொலாசஸ் பிடித்துக்கொள்வது நைட்ரஜனை. குளத்தின் உப்பு, வரப்பைத் தாண்டி முன்பு எந்த வயலுக்குப் போனதோ அந்த வயலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.